நிலைதாங்கி யார் வீட்டுப் பிள்ளை?

உங்கள் கொள்ளுப்பாட்டனாரின் பெயர் என்ன? "அது தெரியாமலா!" என்று சிலர் நிமிர்ந்து உட்காருவீர்கள். திதி கொடுக்கிற வீடுகளில் மூன்று தலைமுறைப் பெயர் மனப்பாடமாக இருக்கும். சரி, அந்தக் கொள்ளுப்பாட்டனாருக்கு வாழ்க்கைப்பட்ட அம்மாளின் பிறந்த ஊர் எது? அவளுடைய தகப்பனார் யார்? இப்போது பாதிப் பேர் அடுப்பங்கரைப் பக்கம் திரும்பி, "அம்மா, உனக்குத் தெரியுமா?" என்று குரல் கொடுப்பீர்கள்.

நூறு வருஷத்துக்கு முந்திய சொந்தப் பாட்டியின் கதையே இப்படி என்றால், ஆயிரத்து நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் இருந்த ஒரு குட்டிப் பிரபுவின் வம்சாவளியை எப்படிக் கண்டுபிடிப்பது? சக்கரவர்த்திகளைப் பற்றிக் கவலை இல்லை. அவர்களுக்கு மெய்க்கீர்த்தி பாட ஆள் இருந்தது. நான் சொல்வது அவர்களுக்குக் கீழே இருந்த அரையர்கள், பேரரையர்கள், நாடாள்வார்கள். ஏதோ ஒரு கல்லில் ஒரு வரியில் தலைகாட்டிவிட்டு, அப்புறம் கூட்டத்தில் மறைந்துவிடுகிற ஆசாமிகள். அவர்களில் ஒருவனைத் தேடிக்கொண்டு இந்த வாரம் பாகூருக்குப் போகலாம், வாருங்கள்.

புதுச்சேரியிலிருந்து கடலூர்ச் சாலையில் தெற்கே போய், மேற்கே திரும்பினால் பாகூர். பெரிய ஏரி, கண்ணுக்கெட்டிய தூரம் வயல், நடுவே மூலநாதர் கோயில். புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று சொல்வார்கள். பிரெஞ்சுக்காரர் ஆட்சியில், 1879-ஆம் வருஷம், இந்த ஊரிலிருந்து செப்பேடு ஒன்று வெளிப்பட்டது. அது பிறகு கடல் கடந்து பாரிஸ் தேசிய நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பின்னாளில் ஹூல்ஷ் என்ற ஜெர்மானிய அறிஞர் அதைப் படித்து விளக்கி வெளியிட்டார். வடமொழிச் சுலோகம் பாதி, தமிழ் பாதி. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாவது ஆட்சியாண்டில், அதாவது 9-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், எழுதிக் கொடுத்த சாசனம் அது.

விஷயம் என்ன தெரியுமா? பாகூரில் ஒரு வித்யாஸ்தானம் இருந்தது. கல்லூரி என்றே சொல்லலாம். அதன் செலவுக்காக சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி என்ற மூன்று ஊர்களின் வருவாய் எழுதி வைக்கப்பட்டது. எழுதி வைக்கும்படி ராஜாவிடம் விண்ணப்பம் செய்துகொண்டவன் யார் என்றால், நிலைதாங்கி என்ற ஒரு சிற்றரசன். தமிழ்ப் பகுதி அவனை வேசாலிப் பேரரையன் என்கிறது.

அவன்தான் நாம் தேடி வந்த ஆசாமி. இந்த நிலைதாங்கி யார் வீட்டுப் பிள்ளை?

செப்பேட்டைப் புரட்டினால் முதலில் வருவது ராஜாவின் வம்சம். அது சாதாரண வம்சமா! மகாவிஷ்ணுவில் தொடங்குகிறது. அவருடைய நாபிக் கமலத்தில் பிரம்மா, அவருக்குப் பிறகு ஆங்கிரசர், பிருகஸ்பதி, அப்படியே இறங்கி பரத்வாஜர், துரோணர், அசுவத்தாமன், பல்லவன். அதற்குப் பிறகு விமலன், கொங்கணிகன் முதலான சில பழைய அரசர்கள். அப்புறம் ஒரே தாவாகத் தாவி தந்திவர்மனிடம் வந்து நிற்கிறது. தந்திவர்மன் மகன் நந்திவர்மன், நந்திவர்மன் மகன் நிருபதுங்கன். தொடர்கதைகளில் நீங்கள் பார்த்துப் பழகிய மகேந்திரனும் மாமல்லனும் எங்கே என்று கேட்காதீர்கள். கல்யாணப் பத்திரிகையில் எந்தப் பெரியப்பாவின் பெயரைப் போடுவது, எந்தப் பெரியப்பாவின் பெயரை விடுவது என்பது பத்திரிகை அடிக்கிறவர் இஷ்டம். சாசனமும் அப்படித்தான்.

இத்தனை விஸ்தாரமான பட்டியலில், சரித்திரத்துக்கு உதவுகிற பகுதி கடைசி மூன்று பெயர்களும், நடுவிலே வருகிற ஒரு பெண்ணின் பெயரும்தான். நந்திவர்மனின் ராணி சங்கா, ராஷ்டிரகூட குலத்தில் பிறந்தவள் என்று ஏடு சொல்கிறது. இந்த ஒரு குறிப்பிலிருந்து ஆராய்ச்சியாளர்கள் எவ்வளவு தூரம் போனார்கள் பாருங்கள். அதே காலத்தில் ராஷ்டிரகூட நாட்டை ஆண்ட அமோகவர்ஷனுக்கு நிருபதுங்கன் என்றும் ஒரு பெயர் உண்டு. பல்லவ வீட்டுப் பிள்ளைக்கு அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? நம் ஊரில் பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கிறோம். 'பெயரன்' என்பதுதானே 'பேரன்' ஆயிற்று! ஆகவே சங்கா அந்த அமோகவர்ஷனின் மகளாக இருக்கலாம், குழந்தைக்குத் தாய்வழிப் பாட்டன் பெயரை வைத்திருக்கலாம் என்று ஊகித்தார்கள். ஊகம்தான், ஆனால் வெறும் கற்பனை இல்லை.

பெண் கொடுத்த வீடு என்பதற்காக உறவு என்றைக்கும் இனிக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். 949-இல் தக்கோலத்தில் சோழனை வென்றபின் ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் ஆட்சி இந்தப் பக்கம் வரை வந்தது. கன்னரதேவன் என்ற பெயரில் அவனுடைய காலத்துக் கல்வெட்டுகள் இதே பாகூர்க் கோயிலில் இருக்கின்றன. அந்தக் குடும்பம் முதலில் மணப்பெண்ணாக வந்தது. இரண்டு மூன்று தலைமுறை கழித்து ஆயுதத்தோடு வந்தது.

நம் நிலைதாங்கியிடம் திரும்புவோம். ராஜாவுக்கு விஷ்ணுவிலிருந்து தொடங்கிய அதே புலவர், நிலைதாங்கிக்கு வரும்போது மிகவும் சிக்கனமாகிவிடுகிறார். அவன் குரு வம்சத்தவன், வேசாலிக்குத் தலைவன். அவ்வளவுதான். இன்னாருக்கு மகன், இன்னாருக்குப் பேரன் என்று படிப்படியாக ஏறிப் போக ஏணி இல்லை.

குரு வம்சம் என்றால் என்ன? பாண்டவரும் கௌரவரும் பிறந்த வம்சம். இதிலே ஒரு வேடிக்கை உண்டு. பாரதக் கதைப்படி துரோணர் குரு வம்சத்து அரண்மனையில் சம்பளம் வாங்கிய வாத்தியார். பாகூரில் துரோணர் வம்சத்தவன் ராஜா. குரு வம்சத்தவன் அவனுக்குக் கைகட்டி நின்று விண்ணப்பம் செய்கிற பிரபு! ராஜாவுக்குப் பாரதத்திலிருந்து ஒரு முப்பாட்டன் கிடைத்தபோது, தனக்கும் ஒருவர் வேண்டும் என்று பிரபுவுக்குத் தோன்றியிருக்கிறது. பெரிய வீட்டில் பட்டுப்புடவை எடுத்தால் பக்கத்து வீட்டிலும் எடுக்க வேண்டாமா?

"அப்படியானால் வழி அடைத்துவிட்டதா?" என்று கேட்பீர்கள். சற்றுப் பொறுங்கள். இந்தச் செப்பேட்டிலே இன்னொரு பிரபுவும் வருகிறான். தானத்தை நிறைவேற்றி வைக்க ராஜாவின் ஆணையை ஏற்றவன். விடேல்விடுகு காடுபட்டித் தமிழப் பேரரையன் என்று பெயர். வாய் நிறையச் சொல்லிப் பாருங்கள், எவ்வளவு கம்பீரமாக இருக்கிறது! ஆனால் இதில் அவனுடைய சொந்தப் பெயர் எது? ஒன்றுமே இல்லை. விடேல்விடுகு என்பது பல்லவ ராஜாக்களின் விருதுப் பெயர். பேரரையன் என்பது பதவி. வீட்டிலே தாயார் அவனை என்ன சொல்லிக் கூப்பிட்டாளோ, அந்தப் பெயர் பட்டங்களுக்கு அடியில் புதைந்துவிட்டது.

வம்சாவளி தேடுகிறவர்கள் வழுக்கி விழுகிற இடம் இதுதான். நிருபதுங்கனின் ஏழாவது ஆண்டில், அதாவது பாகூர்ச் சாசனத்துக்கு ஒரு வருஷம் முந்தி, புதுக்கோட்டைக்கு அருகே நார்த்தாமலையில் ஒரு கல்வெட்டு வெட்டினார்கள். அதிலே ஒரு விடேல்விடுகு முத்தரையன் வருகிறான். இங்கேயும் விடேல்விடுகு, அங்கேயும் விடேல்விடுகு. உடனே, "ஆகா, இருவரும் அண்ணன் தம்பி!" என்று கோடு போட்டு இணைத்துவிடலாமா? கூடாது. இருவரும் ஒரே எஜமானனின் பட்டத்தைத் தலையில் சுமந்தவர்கள். ஒரே ஆபீஸில் வேலை செய்கிற இருவர் ஒரே மாதிரி வில்லை போட்டுக்கொண்டிருந்தால் அவர்கள் உடன்பிறந்தவர்கள் ஆகிவிடுவார்களா?

ஆனால் அந்த நார்த்தாமலைக் கல்வெட்டு, பாகூர் தராததை நமக்குத் தருகிறது. அங்கே மலையைக் குடைந்து சிவன் கோயில் எடுத்தவன் சாத்தன் பழியிலி. விடேல்விடுகு முத்தரையனின் மகன். அந்தக் கோயிலுக்கு முன்மண்டபமும் நந்தியும் செய்து வைத்தவள் அவன் மகள், பழியிலி சிறியநங்கை. ஆக, தாத்தா, மகன், பேத்தி, மூன்று தலைமுறை! எந்தப் புலவரும் சுலோகம் பாடவில்லை. விஷ்ணுவும் இல்லை, அசுவத்தாமனும் இல்லை. இருந்தாலும் வம்சாவளி கையில் கிடைத்துவிட்டது.

பெயர்களை இன்னொரு தடவை பாருங்கள். மகள் பெயர் பழியிலி சிறியநங்கை. முதலில் நிற்பது தகப்பன் பெயர். அப்படியானால் சாத்தன் பழியிலி என்பதில் முதலில் நிற்கிற சாத்தன் யார்? அவனுடைய தகப்பனாகத்தானே இருக்க வேண்டும்? பட்டத்துக்குள் ஒளிந்திருந்த விடேல்விடுகு முத்தரையனின் சொந்தப் பெயர் சாத்தன் என்று மெல்ல வெளியே வருகிறது. இன்றைக்கு நாம் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்தைப் போட்டுப் புள்ளி வைக்கிறோமே, அந்த முன்னெழுத்தின் மூத்த அண்ணன் இவன். பேத்தி ஒரு மண்டபம் கட்டியிராவிட்டால் தாத்தாவின் பெயரைப் பிடிப்பது கஷ்டமாகப் போயிருக்கும். ஆண்பிள்ளைகள் பட்டம் வாங்கிக்கொண்டு பெயரைத் தொலைத்தார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் தர்மம் செய்துவிட்டு, "நான் இன்னார் மகள்" என்று சொல்லி அதை மீட்டுக் கொடுத்தார்கள். கல்வெட்டுப் படிக்கிறவர்கள் எல்லாரும் ராணிகளுக்கும் நங்கைகளுக்கும் நிறையக் கடன்பட்டிருக்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

இது தமிழ்நாட்டுக்கு மட்டும் உள்ள சங்கடம் அல்ல. ஸ்காட்லாந்து தேசத்தில் வம்சாவளி பார்ப்பது ஒரு பெரிய கலை. குடும்ப விருதுச் சின்னங்களுக்கென்றே 1672-லிருந்து ஒரு பதிவேடு வைத்திருக்கிறார்கள். அங்கேயும் மத்திய காலத்துக்குப் போனால் நம் கதைதான். 1296-இல் இங்கிலாந்து மன்னன் எட்வர்ட் ஸ்காட்லாந்தை மடக்கி, அங்கிருந்த நிலப்பிரபுக்களிடம் விசுவாசப் பிரமாணம் வாங்கினான். அந்தப் பெயர்ச் சுருளுக்கு 'ராக்மன் ரோல்' என்று பெயர். எத்தனையோ சின்னப் பிரபுக்கள் சரித்திரத்தில் தலைநீட்டுவது அந்த ஒரே இடத்தில்தான். அங்கே தோற்றவன் தலைகுனிந்து கையெழுத்துப் போட்டதால் பெயர் நின்றது. பாகூரில் ஒருவன் பள்ளிக்கூடத்துக்குச் சொத்து கேட்டதால் பெயர் நின்றது. எனக்கு என்னவோ பாகூர்தான் மேல் என்று படுகிறது.

இன்னும் கொஞ்சம் தெற்கே போனால் இதைவிடப் பெரிய சிக்கல் இருக்கிறது. பெண்ணையாற்றைத் தாண்டினால் கெடிலக் கரையில் திருவகீந்திரபுரம். அந்தக் கோயிலில் 1231-ஆம் வருஷத்துக் கல்வெட்டு ஒன்று, சோழச் சக்கரவர்த்தி மூன்றாம் ராஜராஜனை அவனுக்குக் கீழே இருந்த கோப்பெருஞ்சிங்கன் பிடித்துச் சேந்தமங்கலத்தில் சிறை வைத்ததையும், ஹொய்சள மன்னனின் தளபதிகள் வந்து விடுவித்ததையும் சொல்கிறது. சக்கரவர்த்தியையே சிறைப்பிடித்த இந்தக் காடவராயர்கள் யார்? நூறு வருஷத்துக்கு முன்னால் அவர்கள் சோழர்களிடம் உத்தியோகம் பார்த்த குடும்பம். விருத்தாசலத்தில் 1186-இல் வெட்டிய கல்வெட்டு வளந்தனார், ஆட்கொல்லியார், ஏழிசைமோகன், அரசநாராயணன் என்று நால்வர் பெயரை வரிசையாகத் தருகிறது. கை ஓங்கியதும் பல்லவர் குலம் என்று சொல்லிக்கொண்டார்கள். சோழனைத் தோற்கடித்த இடம் தெள்ளாறு. நானூறு வருஷத்துக்கு முன் சங்காவின் கணவன் நந்திவர்மன் பெரிய வெற்றி பெற்றதும் அதே தெள்ளாறு! பல்லவர் என்று சொல்லிக்கொண்டவர்களுக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா? ஆனால் சாட்சி வேறு, சான்று வேறு. காஞ்சிப் பல்லவர்களின் கடைசி மன்னனிலிருந்து வளந்தனார் வரை இறங்கி வருகிற சங்கிலியில் பல கண்ணிகள் இல்லை.

அதுதான் போகட்டும், கோப்பெருஞ்சிங்கன் ஒருவனா, இருவரா? இதற்கே அறிஞர்கள் வெகுகாலம் வழக்காடினார்கள். 1231-இல் சோழனைச் சிறைப்பிடித்தவனும், 1243-இலிருந்து ஆட்சியாண்டு எண்ணிக்கொண்டு சகலபுவனச் சக்கரவர்த்தி என்று அழைத்துக்கொண்டவனும் ஒரே ஆள் என்றால் ஒரு கணக்கு. தகப்பனும் மகனும் என்றால் வேறு கணக்கு. தகப்பன் பெயரே மகனுக்கும் பட்டமாக வந்தால் என்ன செய்வது? அழகியசீயன் என்ற கூடுதல் பெயர், ஆட்சியாண்டுகளின் கணக்கு, இரண்டையும் ஒட்டிப் பார்த்துத்தான் இருவர் என்ற முடிவுக்கு வந்தார்கள்.

பாகூர், வில்லியனூர்ப் பக்கத்து வாசகர்களுக்கு இந்த வேலையின் அருமையை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பிரெஞ்சு ஆட்சியில் பிறப்பும் கல்யாணமும் சாவும் கொம்யூனில் பதிவான ஊர்கள் அவை. 1881-ஆம் வருஷத்துச் சட்டப்படி சொந்த வழக்காற்றுச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள், தலைமுறைக்கும் நிற்கிற ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. சப்பாத்துப் போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குப் போக உரிமை கேட்டு வென்றாரே வக்கீல் பொன்னுத்தம்பி பிள்ளை, அவர் 'லாப்போர்த்' என்று வைத்துக்கொண்டார். பிரெஞ்சில் 'கதவு' என்று அர்த்தம். ஐந்நூறு வருஷம் கழித்து இந்தப் பெயரை மட்டும் பார்க்கிற ஆராய்ச்சியாளர், "பிரான்ஸிலிருந்து குடியேறிய குடும்பம்" என்று எழுதிவிட்டால் எப்படி இருக்கும்! விடேல்விடுகு கதைதான். 1962-இல் பிரெஞ்சுக் குடியுரிமையா, இந்தியக் குடியுரிமையா என்று தேர்ந்தெடுக்கிற காலம் வந்தபோது, அந்தப் பழைய பதிவேட்டு வரிகளுக்கு எவ்வளவு மதிப்பு வந்தது என்பதைப் பல வீடுகள் அறியும். பாட்டனார் பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தால் பேரப்பிள்ளையின் காரியம் நின்றுவிடும்.

அதனால்தான் ஒரு விஷயத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். "உங்கள் குலம் இன்ன ராஜ வம்சம், ஆதாரத்தோடு எழுதித் தருகிறோம்" என்று யாராவது பணம் கேட்டு வந்தால், இரண்டே கேள்வி கேளுங்கள். உங்கள் வீட்டில் பெயர் தெரிந்த கடைசிப் பாட்டனாருக்கும் அந்த ராஜாவுக்கும் நடுவில் எத்தனை பேர்? அவர்கள் ஒவ்வொருவரையும் எந்தக் கல்லும் எந்த ஏடும் சொல்கிறது? கேட்ட மாத்திரத்தில் ஆசாமி குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். கோயில் முதல் மரியாதைக்காகவும் தேர் வடம் தொடுவதற்காகவும் இப்படி எழுதி வாங்கிய காகிதத்தை நம்பி, பங்காளிகள் கோர்ட்டு வாசலில் காலத்தைக் கழிப்பதைப் பார்த்தால் பரிதாபமாக இருக்கிறது.

நீங்களே தேடிப் பார்க்க விரும்பினால் வழி இருக்கிறது. பாகூர் குப்புசாமி என்ற அறிஞர் புதுச்சேரி வட்டாரத்துக் கல்வெட்டுகளையெல்லாம் தொகுத்தார். விஜயவேணுகோபால் பதிப்பித்து, புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனங்கள் 2006-இல் அதைப் புத்தகமாக வெளியிட்டன. முதலில் அதைப் பாருங்கள். அதில் மகன், மகள் என்ற சொற்களோடு 'ஆன' என்ற இரண்டெழுத்தையும் தேடுங்கள். இன்னான் ஆன இன்ன பேரரையன் என்று வந்தால், முன்னால் இருப்பது ஆள், பின்னால் இருப்பது பட்டம். அந்த இரண்டெழுத்து இல்லாததால்தான் காடுபட்டித் தமிழப் பேரரையன் இன்னும் நம்மிடம் பிடிபடாமல் நிற்கிறான்.

நிலைதாங்கிக்குச் சொந்தப் பெயராவது மிஞ்சியது. அவனுடைய தகப்பனைச் சொல்லாத அதே சாசனம், அதைச் செம்பில் வெட்டிய உதிதோதயன் என்ற காஞ்சித் தட்டானைப் பற்றி, பல்லவர் குலத்துக்கு வழிவழியாகப் பணி செய்தவன் என்று மறக்காமல் சொல்கிறது. உளி யார் கையில் இருக்கிறதோ அவருக்கு இந்தச் சௌகரியம் உண்டு.

புத்தகத்தைப் பார்த்துவிட்டு மூலநாதர் கோயிலுக்கும் போங்கள். உச்சி வெயிலில் போனால் கல் வெறும் கல்லாகத்தான் தெரியும். காலையிலோ மாலையிலோ, வெயில் பக்கவாட்டில் சாய்ந்து விழும்போது போனால் எழுத்துகள் தாமாக எழுந்து நிற்கும். எழுத்து நன்றாகத் தெரியட்டும் என்று விபூதியையோ சுண்ணாம்பையோ எடுத்துத் தடவிவிடாதீர்கள். ஒரு கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்தால் போதும்.